ஏழு கவர் மண்ணும் என் தம்பியும்

மாதாவை நம்பிக் காலம் தள்ளுகிற உங்கள் எல்லோருக்கும், உங்களில் ஒருத்தியான பிலோமினா வணக்கம் சொல்லி எழுதுவது. என் தம்பி உயிரோடு வீடு திரும்பியதை உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். அவன் அகப்பட்டதற்குக் காரணம் நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஒரு முறை மறைத்து நான் பட்டது போதும்.

போன வருடம் ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. வில்லியனூரில் ஒரு மருந்துக் கடையில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். காலைக் கூட்டத்தில் ஒரு கையில் டாக்டர் சீட்டும் இன்னொரு கையில் மாத்திரை அட்டையுமாக நின்றிருந்தேன். போன் அடித்தது. அமெரிக்காவிலிருந்து என் தம்பி மனைவி நிர்மலா. அங்கே அவள் நர்ஸ். நம் காலை அவளுக்கு நடுநிசி. அந்த நேரத்தில் ஒரு நாளும் கூப்பிட மாட்டாள்.

“அண்ணி, அவர புடிச்சிட்டாங்க அண்ணி.”

“யாரு புடிச்சாங்க? இன்னாடி சொல்ற?”

“ரஷ்யாவுல, ஏர்போர்ட்டுலயே. வேவு பாக்க வந்த ஆளுன்னு சொல்றாங்களாம். பையில மண்ணு இருந்துச்சாம். சின்னச் சின்ன கவருல, நம்பர் போட்டு, ஏழு கவரு. எதுக்கு அண்ணி அவரு மண்ணு எடுத்தாரு? உங்களுக்கு எதனா தெரியுமா?”

எனக்குத் தெரியும். அந்த நிமிடம் என் கையில் இருந்ததும் அதே கவர்தான். மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்ன ஜிப் கவர். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு அச்சடித்திருக்கும். தம்பிக்கு ஒரு கட்டு கொடுத்தனுப்பியவளே நான்தான்.

“தெரியாதும்மா,” என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அழுத அழுகை கொஞ்சநஞ்சமில்லை.

என் தம்பி பெயர் அமல்ராஜ். கரிக்கலாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பாதி நெல் வயல், பாதி பிளாட் கல் என்று ஆகிவிட்ட ஊர். இருபத்திரண்டு கத்தோலிக்க வீடுகள், ஒரு சின்னக் கோயில். அங்கிருந்து இன்ஜினியரிங் படித்து அமெரிக்கா போய், அங்கேயே குடியுரிமையும் வாங்கிவிட்டான். அமெரிக்க பாஸ்போர்ட் வந்த அன்றைக்குத் தெரு முழுக்க லட்டு கொடுத்தது நான்தான். அந்த பாஸ்போர்ட்டே ஒரு நாள் வினையாக வந்து நிற்கும் என்று யார் கண்டது!

மண் கதைக்கு வருகிறேன். எங்கள் கோயிலுக்குக் குகை வடிவில் ஒரு மாதா கெபி கட்டுவதாக முடிவானது. கெபி கட்டினால் மாதா நிற்கிற பீடத்துக்கு அடியில் புண்ணியத் தலங்களின் மண்ணைப் போடுவது எங்கள் ஊர் வழக்கம். வேளாங்கண்ணிக்குப் போனவர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு பிடி மண் கொண்டுவந்து கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற வீராம்பட்டினத்து அம்மா, அவர் செங்கழுநீர் அம்மன் பக்தை, அவரும் மாதாவுக்கு என்று கடற்கரை மணல் கொண்டுவந்து தந்தார். எங்கள் ஊர்க் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்துக்குச் செயலாளர் நான். மண்ணை வாங்கி வைக்கிற பொறுப்பும் என்னுடையது.

பதினாறு வருடம் மருந்துக் கடையில் நின்றவளுக்குச் சீட்டு ஒட்டாமல் ஒரு பொருளை அலமாரியில் வைக்க வராது. காலி டானிக் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் மண்ணைப் போட்டு, நம்பர், இடம், தேதி, ஆழம் என்று நாலு வரி எழுதி ஒட்டினேன். ஆழம் எதற்கு என்று கேட்பீர்கள். மாதாவுக்குப் போடுகிற மண் கால் படாத மண்ணாக இருக்கவேண்டும் என்பது என் கட்டளை. ஒரு சாண் தோண்டித்தான் எடுக்கவேண்டும். மேல் மண்ணைச் சுரண்டிக்கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். “பிலோமினாகிட்ட மண்ணு குடுக்கறதுக்கு ரேஷன் கார்டே வாங்கிடலாம்” என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். நான் அசையமாட்டேன்.

அமலும் அமெரிக்காவில் அவன் பங்குக் கோயில் மண்ணை நான் கொடுத்த கவரிலேயே எடுத்து வந்து, போன கிறிஸ்மஸுக்கு முந்தின கிறிஸ்மஸ் கொடுத்தான். மீதிக் கவர்கள் அவன் பயணப் பையிலேயே கிடந்தன.

அவனோடு படித்த டேவிட் ரஷ்யாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போனவன். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். அவன் குழந்தைக்கு ஞானஸ்நானம். அமல்தான் ஞானத்தகப்பனாக நிற்கவேண்டும் என்று கேட்டிருக்கிறான். “இப்ப இருக்கற நெலமையில அமெரிக்க பாஸ்போர்ட்டோட அங்க போவாதீங்க” என்று நிர்மலா தடுத்திருக்கிறாள். புத்திசாலிப் பெண். அமல் எனக்கு போன் போட்டான்.

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? “பெண்டாட்டி பேச்சைக் கேள்” என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் ரஷ்யா என்ற பேரைக் கேட்டதும் எனக்கு வேறு நினைப்பு. போர்ச்சுகல் நாட்டுப் பாத்திமாவில் மாதா காட்சி கொடுத்தபோது ரஷ்யாவுக்காக வேண்டச் சொன்னது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் ரஷ்யாவுக்கென்று ஒரு அருள் நிறைந்த மரியே தனியாகச் சொல்லவேண்டும். அம்மா விடமாட்டார். ரஷ்யா பாகூருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்றுகூடத் தெரியாத வயதில் நானும் தம்பியும் தூங்கி வழிந்துகொண்டே அதைச் சொல்லுவோம். அந்த ரஷ்யாவின் மண் எங்கள் மாதாவின் காலடியில் இருந்தால்? சுற்றுவட்டாரத்தில் எந்தக் கெபிக்கு அந்தப் பெருமை உண்டு?

“போய்ட்டு வாடா. ஞானஸ்நானம் குடுக்கப் போறதுக்கு இன்னா பயம்? வர்றப்ப மண்ணு எடுத்துக்கினு வா. ஏழு எடத்துல எடு, வியாகுல மாதாவுக்கு ஏழு துக்கம் இல்ல? எடுத்த எடத்த போட்டோ புடிச்சி லொக்கேஷனோட அனுப்பு.”

“உன் மருந்துக் கடை புத்தி போவாதுக்கா,” என்று சிரித்தான்.

ஞானஸ்நானம் நல்லபடியாக முடிந்தது. கிளம்புவதற்கு முந்தின இரண்டு நாளும் டேவிட் வீட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு அந்த ஊரைச் சுற்றியிருக்கிறான் என் தம்பி. தோண்டிய குழியைப் போட்டோ எடுத்து ஒவ்வொன்றாக அனுப்பினான். நான் கடையில் நின்றபடியே வாய்ஸ் மெசேஜில் பதில் போட்டேன். என்ன பதில் தெரியுமா? “மூணாம் நம்பரு ஆழம் பத்தலடா, இன்னும் தோண்டு.” “பாலத்துக்கிட்ட ஒண்ணு எடு.” “அந்த நீட்டுச் சுவரு பக்கத்துல மரம் ஒண்ணு இருக்குதே, அங்க ஆளு நடமாட்டமே இல்ல பாரு, அங்க எடு.” ஆள் நடமாட்டம் ஏன் இல்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ராணுவத்துக்குச் சொந்தமான இடமாம்.

ஆழம் தெரியாமல் காலை விட்டது நான். மாட்டிக்கொண்டது அவன்.

நிர்மலாவின் போன் வந்த அன்று மதியமே வீட்டுக்கு ஓடினேன். என் கணவர் சூசை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். விஷயத்தைக் கேட்டதும் வாசல் கதவைச் சாத்தினார்.

“நீதான் எடுக்கச் சொன்னேன்னு யாருக்கிட்டயும் வாயத் தொறக்காத. நாளைக்கு உன்னையும் புடிச்சிக்கினு போனா, ரெண்டு பொண்ண வச்சிக்கினு நான் இன்னா பண்ணுவேன்?”

அவர் பயத்தில் சொன்னார். நானும் பயத்தில் செய்தேன். போனில் தம்பிக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாவற்றையும் அவன் பக்கமும் அழிந்துபோகிற மாதிரி அழித்தேன். மண் விவரம் எழுதிய நோட்டை அடுப்பில் வைத்தேன். கோயில் அலமாரியில் பதினோரு பாட்டில் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் பீடம் போடலாம் என்றிருந்த கொத்தனாரை மறுநாளே வரச் சொன்னேன். சோரியாங்குப்பத்து ஏகாம்பரம். நல்ல வேலைக்காரர்.

“இன்னாக்கா அவசரம்? ரஷ்யா மண்ணு வரணும்னு சொன்னீங்களே?”

“அது வராது. நீ பாட்டில எல்லாம் அடியில வச்சி நல்லா கெட்டியா காங்கிரீட் போட்டுடு.”

பக்கத்திலேயே நின்று போட வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மாதாவின் காலடியில் மறைத்தேன்.

ஆகஸ்டில் நம் சர்க்கார் அதிகாரிகள் இரண்டு பேர் விசாரிக்க வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். தம்பி என்ன வேலை செய்கிறான், கடைசியாக என்ன பேசினான், எதற்காகப் போனான். ஞானஸ்நானத்துக்கு என்று சொன்னேன். மண்? தெரியாது என்றேன். அவர்களுக்குக் காபி கொடுத்தபோது டவராவில் பாதி கொட்டிவிட்டது.

செப்டம்பர் எட்டாம் தேதி மாதா பிறந்தநாளுக்குக் கெபியை மந்திரித்துத் திறந்து வைத்தார்கள். சுரூபம், அதாவது மாதா சிலை, எங்கள் ஊர் ஞானப்பிரகாசம் அண்ணன் கொடுத்தது. கோயில் கமிட்டித் தலைவர் அவர். டெங்குவில் போய்விட்ட தன் மகளின் பேரைக் கல்லில் வெட்டி பீடத்தில் பதித்திருந்தார். பூசையில் ஃபாதர் அமலின் விடுதலைக்காகக் கருத்துச் சொல்லி வேண்டினார். ஊரே அழுதது. நான் முதல் வரிசையில் முட்டி போட்டிருந்தேன். மாதாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

மூன்று மாதமாக நான் வேண்டாத நாள் இல்லை. வில்லியனூர் மாதா குளத்தைச் சுற்றி வெறுங்காலோடு வந்தேன். சனிக்கிழமை ஒருபொழுது இருந்தேன். “என் தம்பியை விடுவி” என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. செய்தி வந்தால் முந்தினதைவிட மோசமாக வந்தது.

அக்டோபர், ஜெபமாலை மாதம், முதல் வாரம். நிர்மலா கூப்பிட்டாள். இந்த முறை அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

“அண்ணி, வக்கீலு எல்லாத்தையும் சொன்னாரு. இவரு போட்டோவும் லொக்கேஷனும் ஒரு இந்தியா நம்பருக்கு அனுப்பியிருக்காரு. அங்கேர்ந்து வந்த பதிலு எட்டும் அழிச்சிருக்குது. கவருல கட்டம் போட்டு எழுதனது ரகசிய பாஷன்னு நெனைக்கிறாங்க. நிரூபிச்சிட்டா இருபது வருஷம் வரைக்கும் உள்ள போடுவாங்களாம்.”

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

“எங்க அக்கா கோயிலுக்குக் கேட்டாங்கன்னுதான் அவரு மொத நாள்லேர்ந்து சொல்றாராம். நீங்க தெரியாதுன்றீங்க. நான் யார நம்பட்டும்? அவரு பொய் சொல்றாரா, நீங்களா?”

“லைன் சரியா கேக்கலம்மா,” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் கேட்டது.

அவன் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த உண்மையைப் பொய்யாக்கிக்கொண்டிருப்பவள் கூடப் பிறந்தவள். இது அன்றுதான் எனக்கு முழுசாக விளங்கியது. கடையில் லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன். நல்ல வெயில். கெபியில் யாரும் இல்லை. முட்டி போட்டு ஜெபமாலையை எடுத்தேன். ஆண்டவர் பாடுகளைச் சொல்கிற துக்க காரணிக்கம் ஐந்தும் சொன்னேன். கடைசியில் வழக்கப்படி ரஷ்யாவுக்கான அருள் நிறைந்த மரியே. நாக்கு எழவில்லை. பாதியில் நின்றுபோனது. என் முட்டிக்கு நேர் எதிரே அந்தக் காங்கிரீட். அதற்குள் என் கையெழுத்து.

அசரீரி எதுவும் கேட்கவில்லை. மல்லிகை வாசனை வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் நடந்தது. மூன்று மாதமாக வேண்டியதை மாற்றி வேண்டினேன். “மாதாவே, அவனை அப்புறம் பார்த்துக்கொள். முதலில் என் பயத்தை எடு. எடுக்காவிட்டால் நான் அவனைக் கொன்றுவிடுவேன்.” சத்தம் போட்டே சொன்னேன். எழுந்தபோது கால் வீட்டுப் பக்கம் போகவில்லை. சாமியார் பங்களாவுக்குப் போனது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நெஞ்சு படபடப்பு நின்றுவிட்டிருந்தது.

ஃபாதர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

“பிலோமினாம்மா, இத பாவசங்கீர்த்தனமா சொல்றீங்களா, இல்ல சும்மா எங்கிட்ட சொல்றீங்களா? பாவசங்கீர்த்தனம்னா நான் வெளிய ஒரு வார்த்த பேச முடியாது. ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கக்கூட முடியாது. யோசிச்சி சொல்லுங்க.”

அந்தக் கேள்வி ஒரு கதவு மாதிரி திறந்தே இருந்தது. உள்ளே போனால் பாவம் தீரும், ரகசியமும் காப்பாற்றப்படும். தம்பி சிறையில் இருப்பான்.

“வெளிய சொல்றேன் ஃபாதர். ஊருக்கே சொல்றேன்.”

அன்று மாலை நிர்மலாவைக் கூப்பிட்டு முதலில் அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. “சாட்சி எதனா இருக்குதா அண்ணி? வர்ற வெள்ளிக்கெழமை கழிச்சி அடுத்த வெள்ளி கோர்ட்டு. அதுக்குள்ள வேணும்,” என்றாள். சூசை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “நானும் கூட வந்து கையெழுத்து போடறேன்” என்றார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். மெசேஜ் அழித்தது, நோட்டை எரித்தது, பாட்டில்களை மூடியது. கடைசியாக, பீடத்தை உடைத்து அந்தப் பாட்டில்களை எடுக்க அனுமதி வேண்டும் என்று கேட்டேன். ஞானப்பிரகாசம் அண்ணன் எழுந்தார்.

“எம் பொண்ணு பேரு வெட்டன கல்லு அது. மந்திரிச்சி ஒரு மாசம் ஆவல. உன் திருட்டுத்தனத்துக்கு அத்த ஒடைக்கணுமா?”

“ஆமாண்ணே,” என்றேன். வேறென்ன சொல்வது?

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் சம்மதம் இல்லாமல் அந்தக் கல்லைத் தொடமாட்டேன் என்று ஃபாதரும் சொல்லிவிட்டார். திங்கள் போனது. செவ்வாய் போனது. நாலு பேர் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெள்ளிக்கிழமைக்குள் ஆதாரம் அங்கே போய்ச் சேரவேண்டும். நிர்மலா தினமும் ஒரே கேள்வியை அனுப்பினாள்: “ஒடைச்சிட்டாங்களா அண்ணி?”

புதன்கிழமை காலை. கடையில் தலையைக் குனிந்து சீட்டு பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் ஒரு கை பிரஷர் மாத்திரைச் சீட்டை நீட்டியது. நிமிர்ந்தால் ஞானப்பிரகாசம் அண்ணன். வில்லியனூரில் எத்தனையோ மருந்துக் கடை இருக்கிறது. மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று கட்டத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இந்தக் கவருதானா?”

“இதேதாண்ணே.”

“இத்தப் பாத்துட்டா ரகசிய பாஷன்றானுங்க?”

“ஆமாண்ணே.”

அவர் கவரை விரலால் நீவினார். “எம் பொண்ணுக்கும் நீதான் இதே கவருல மாத்திர குடுத்த. கடைசி நாளு வரைக்கும் எழுதிக் குடுத்த. இன்னும் வூட்ல கெடக்குது.” கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “ஏகாம்பரத்துக்குப் போன் போடு. நான் சொன்னேன்னு சொல்லு.”

கடை என்றும் பார்க்கவில்லை, கூட்டம் என்றும் பார்க்கவில்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏகாம்பரம் உளியும் சம்மட்டியுமாக வந்துவிட்டார். மாதாவை இறக்கிப் புதுச் சேலையில் சுற்றிப் பூசைச் சாமான் வைக்கிற பீடத்தறையில் வைத்தோம். நோட்டரி வக்கீல் ஒருவர் வந்து நின்றார். மறைக்கல்வி டீச்சர் போனில் வீடியோ எடுத்தார். ஏகாம்பரம் சம்மட்டியைத் தூக்கிவிட்டு இறக்கினார்.

“யக்கா, சாமி எடம்க்கா. எனக்குக் கை வரல. உங்க ஆளுங்க யாராவது மொத அடி போடுங்க.”

ஞானப்பிரகாசம் அண்ணன் வந்து சம்மட்டியை வாங்கினார். முதல் அடி அவர் போட்டார். மகள் பேர் வெட்டிய கல்லில் ஒரு கீறல் விழாமல் இடப்பக்கமாக உடைக்கச் சொன்னார்.

நான் கேட்டபடி நல்ல கெட்டியாகத்தான் போட்டிருந்தார் ஏகாம்பரம். இரண்டு மணி நேரம் ஆனது. முதலில் வந்த பாட்டில் நொறுங்கிப்போய் வந்தது. சீட்டு சிமெண்டோடு ஒட்டிக் கிழிந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஈரம் ஏறி எழுத்தே தெரியவில்லை. எல்லாமே இப்படித்தான் இருக்கும், நானே மூடி நானே அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். சுற்றி நின்றவர்கள் ஜெபமாலையை ஆரம்பித்துவிட்டார்கள். சூசை என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

நாலாவது பாட்டில் முழுசாக வந்தது. வேளாங்கண்ணி. என் கையெழுத்து, நம்பர், இடம், தேதி, ஆழம் ஒரு சாண். ஐந்தாவது வீராம்பட்டினத்துக் கடற்கரை மணல். ஆறாவதை ஏகாம்பரம் வெளியே எடுத்துத் துடைத்துவிட்டு, “இதுல இன்னாக்கா உள்ள கவரு?” என்று கேட்டார்.

அமல் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மண். அவன் கவரோடு கொடுத்ததை நான் கவரோடே பாட்டிலில் போட்டிருக்கிறேன். எனக்கே மறந்துபோயிருந்தது. காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட எங்கள் கடைக் கவர். அதன் மேல் தம்பியின் கையெழுத்து, நம்பர், இடம், தேதி, ஒரு சாண். ரஷ்யாவில் அவன் பையில் இருந்த ஏழு கவரிலும் இருந்தது இதே கவர், இதே கையெழுத்து, இதே வரிசை. அவன் அந்த நாட்டுக்குள் காலே வைக்காதபோது எழுதியது.

நோட்டரி அதைக் கையில் வாங்கவே தயங்கினார். ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் வீடியோவில் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினேன். “என் தம்பி முதல் நாளிலிருந்து சொல்வது உண்மை. மண் கேட்டது நான். மெசேஜை அழித்தது நான். பொய் சொன்னது நான்.” அதை எழுத்திலும் கொடுத்து நானும் சூசையும் கையெழுத்துப் போட்டோம். ஃபாதர் கடிதம் வைத்தார். ஊரில் நாற்பத்தியாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்ட நாலு பேரும் அதில் உண்டு. சாயங்காலத்துக்குள் எல்லாம் வக்கீலுக்குப் போய்விட்டது.

உடனே கதவு திறந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை கோர்ட்டு தள்ளிப்போனது. நவம்பரில் ஒரு செய்தியும் இல்லை. கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. என் மேல் வழக்கு வருமோ என்று சூசை ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தார். அதிகாரிகள் மறுபடி வந்தார்கள். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள். காபியைச் சிந்தாமல் கொடுத்தேன்.

ஜனவரிக் கடைசியில் நிர்மலாவிடமிருந்து ஒரு மெசேஜ். “வேவு கேஸ எடுத்துட்டாங்க அண்ணி.” கடை முதலாளி முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தடை செய்த இடத்துக்கிட்டே தோண்டியதற்காக மட்டும் தண்டனை, உள்ளே இருந்த நாளே அதற்குச் சரி, நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அடுத்தடுத்துத் தகவல் வந்தது. நேராக அமெரிக்காவுக்கு விமானம் இல்லை. டேவிட் டில்லி வழியாகச் சென்னைக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தான். நிர்மலாவும் சென்னைக்கு வந்துவிட்டாள்.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு மறுநாள் மதியம் கார் எங்கள் தெருவுக்குள் வந்தது. வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோயிலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறான். பாதி உடம்பாக இறங்கினான் என் தம்பி. ஷூவில் நாடா இல்லை, சிறையில் வாங்கிக்கொண்டார்களாம். நான் அவன் காலில் விழப்போனேன். பிடித்து நிறுத்திவிட்டான்.

“வுடுக்கா. நீதான மண்ணு கேட்ட, நாந்தான எடுத்தேன்.”

“பொய் சொன்னது நாந்தானடா.”

“உண்மையச் சொன்னதும் நீதான. வீடியோவ கோர்ட்ல போட்டாங்க. உன் சத்தம் கேட்டப்பதான் நான் அழுதேன்.”

கெபிக்கு முன்னால் ஷூவைக் கழற்றினான். பீடத்தின் இடப்பக்கத்தில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை அப்படியே இருந்தது. மற்ற இடத்தையெல்லாம் ஏகாம்பரம் பூசிவிட்டார். “அமலு வந்தப்புறம் மூடிக்கலாம்” என்று அதை மட்டும் விடச் சொன்னது ஞானப்பிரகாசம் அண்ணன்.

அவன் கழற்றிப் போட்ட ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்து வரிகளில் காய்ந்த மண் அப்பிக் கிடந்தது. கைப்பையில் கவர் இல்லாமல் நான் எங்கும் போவதில்லை. கொண்டை ஊசியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். நிர்மலா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னும் வுடலியாக்கா நீ?” என்று தம்பி சிரித்தான். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

“இது எந்த எடத்து மண்ணுடா?”

“ஜெயிலு முத்தத்து மண்ணு. தெனம் ஒரு மணி நேரம் நடக்க வுடுவாங்க. வெரல்ல எண்ணிக்கினே ஜெபமால சொல்வேன். முடிச்சிட்டு அம்மா சொல்லச் சொல்லுவாங்களே, ரஷ்யாவுக்கு ஒண்ணு, அதயும் சொல்வேன்.”

வெளியே சுதந்திரமாக இருந்த என் நாக்கில் எழாத ஜெபம். அதை அவன் உள்ளே இருந்து தினமும் சொல்லியிருக்கிறான்.

கவரில் எழுதினேன். நம்பர் பன்னிரண்டு. இடம், தேதி. ஆழம் என்ற இடத்தில் பேனா நின்றது. யோசித்து, “கால் பட்ட மண்” என்று எழுதி, தம்பி கையாலேயே உள்ளே வைக்கச் சொன்னேன்.

இப்போது நான் பழைய பிலோமினா இல்லை என்று சூசை சொல்கிறார். வாய் அப்படியேதான் இருக்கிறது, அது இந்த ஜென்மத்தில் மாறாது. ஆனால் யாராவது மேல் மண்ணைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்புவதில்லை. பயம் வந்தால் மறைப்பதில்லை, முதலில் மாதாவிடம் சொல்கிறேன், பிறகு யாரிடம் சொல்லவேண்டுமோ அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

என்னைப் போல எதையாவது மூடிவைத்துக்கொண்டு அதன் மேலேயே முட்டி போட்டு வேண்டிக்கொண்டிருப்பவர்கள் உங்களில் இருந்தால், கரிக்கலாம்பாக்கம் பஸ்ஸில் ஏறி எங்கள் கெபிக்கு வாருங்கள். இடப்பக்கம் நிறம் மாறிய ஒட்டு சிமெண்ட் தெரியும். அங்கே உட்கார்ந்து உங்கள் பயத்தை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். என் மாதா எடுத்துவிடுவார், நான் அறிந்து சொல்கிறேன். போகும்போது ரஷ்யாவுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டுப் போங்கள். நான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.